செல்லப் பிராணிக்கு நகம் வெட்டுவது அழகா, ஆரோக்கியமா? - குரூமிங் கட்டணத்தில் நாம் கேட்க மறந்த கேள்விகள்

“நாய்க்கு நகம் வெட்ட முன்னூறு ரூபாயா? எனக்கே முடி வெட்ட நூத்தம்பதுதான் ஆகுது!” - நாய், பூனை வளர்ப்பவர்கள் கூடும் இடத்தில் இந்தப் புலம்பலைக் கேட்காமல் இருக்க முடியாது. சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களில் மட்டுமல்ல, இப்போது நடுத்தர ஊர்களிலும் ‘பெட் ஸ்பா’, ‘பெட் பார்லர்’ பலகைகளைப் பார்க்கிறோம். வீட்டு வாசலுக்கே வேனில் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

இதைப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள், வாடகை வீட்டில் இருக்கும் இளம் தம்பதிகள், தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வளர்க்கும் கல்லூரி மாணவர்கள் என எல்லோர் வீட்டிலும் இன்று ஒரு நாயோ பூனையோ இருக்கிறது. அவர்கள் எல்லோருக்கும் வருகிற செலவு இது. குளியலைத் தள்ளிப்போடலாம், முடி வெட்டுவதைத் தள்ளிப்போடலாம். நகத்தை ரொம்ப நாள் தள்ளிப்போட முடியாது. பிரச்சினை இங்குதான் தொடங்குகிறது.

தெரு நாய்க்கு யார் நகம் வெட்டுகிறார்கள்?

பலரும் கேட்கும் நியாயமான கேள்வி. தெருவில் திரியும் நாய் நாள் முழுக்கத் தார்ச்சாலையிலும் சிமென்ட் தரையிலும் நடக்கிறது, ஓடுகிறது, மண்ணைத் தோண்டுகிறது. நகம் தானாகவே தேய்ந்துவிடுகிறது. கிராமத்தில் தோட்டத்தைச் சுற்றிவரும் நாய்க்கும் அப்படித்தான்.

அடுக்குமாடி வீட்டில் வளரும் நாயின் கதை வேறு. வழவழப்பான டைல்ஸ் தரை, காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிட நடை, மற்ற நேரம் சோபா. நகம் தேய வழியே இல்லை. நாட்டு நாய் என்பதால் இதிலிருந்து தப்பிவிட முடியாது. சிப்பிப்பாறையோ, கோம்பையோ, ராஜபாளையமோ, சங்கிலியில் கட்டிப்போட்டு வளர்த்தால் அதற்கும் நகம் நீளும்.

ஒரு நாய்க்குப் பொதுவாக 18 நகங்கள்: முன்னங்கால்களில் ஐந்தைந்து, பின்னங்கால்களில் நான்கு நான்கு. முன்னங்காலின் உட்பக்கம் கொஞ்சம் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டைவிரல் நகம் நடக்கும்போது தரையில் படுவதில்லை. அதனால் நன்றாக நடக்கிற நாய்க்கும் அது தேயாது. கவனிக்காமல் விட்டால் வளைந்து, வட்டமடித்து, சதைக்குள்ளேயே குத்தும். சில நாய்களுக்குப் பின்னங்கால்களிலும் இந்த நகம் இருக்கும். ரோமம் அதிகமுள்ள இனங்களில் அது கண்ணுக்கே தெரியாது.

நகம் நீண்டால் அப்படி என்ன ஆகிவிடும்?

நம் காலுக்குப் பொருந்தாத செருப்பைப் போட்டு நாள் முழுக்க நடந்தால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அதுதான் நடக்கிறது. ஒவ்வோர் அடியிலும் நீண்ட நகம் தரையில் முட்டி விரலைப் பின்னுக்குத் தள்ளுகிறது. வலியைத் தவிர்க்க நாய் பாதத்தை வைக்கும் விதத்தை மாற்றிக்கொள்கிறது. டைல்ஸ் தரையில் பிடிமானம் இல்லாமல் வழுக்குகிறது. வயதான நாய்க்கு, ஏற்கெனவே மூட்டுவலி உள்ள நாய்க்கு, இது கூடுதல் சுமை. போர்வையிலோ தரைவிரிப்பிலோ நகம் மாட்டி வேரோடு பிய்ந்துகொள்வதும் உண்டு. அந்த வலி கொடுமையானது. ரத்தமும் நிறையப் போகும்.

பூனைகள் நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். எதையாவது பிறாண்டி மேலுறையைத் தாங்களே உரித்துக்கொள்ளும். இளம் பூனைக்கு இது போதும். ஆனால், வயதாகிப் பிறாண்டுவது குறைந்த பூனைக்கு நகம் தடித்து, வளைந்து, பாதத்து மெத்தையில் குத்திவிடும். பூனை நொண்டுகிறது என்று எலும்பைச் சந்தேகித்து மருத்துவரிடம் கொண்டுபோன பிறகுதான், காரணம் நகம் என்று தெரியவரும்.

ஆக, நகம் வெட்டுவது ‘பியூட்டி பார்லர்’ சமாச்சாரம் அல்ல. தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணித் தடுப்பு ஆகியவற்றோடு சேர்த்து எண்ண வேண்டிய அடிப்படை ஆரோக்கியப் பராமரிப்பு. இதை ஏற்றுக்கொண்டால், அடுத்து வரும் கட்டணக் கணக்கையும் வேறு கண்ணோடு பார்க்க முடியும்.

கட்டணம் ஏன் இவ்வளவு?

கட்டணம் கடைக்குக் கடை, ஊருக்கு ஊர் மாறுகிறது. நகம் மட்டும் வெட்டுவதற்குச் சில நூறு ரூபாய். குளியல், உலர்த்தல், காது சுத்தம், முடி வெட்டு எல்லாம் சேர்ந்த ‘ஃபுல் குரூமிங்’ என்றால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். பெரிய நாய், அடர்ந்த ரோமம், சிக்குப் பிடித்த முடி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஏறும்.

கடைக்காரர் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். கோல்டன் ரெட்ரீவர் போன்ற ஒரு நாயைக் குளிப்பாட்டி, உலர்த்தி, சீவி முடிக்க ஒன்றரை, இரண்டு மணி நேரம் பிடிக்கும். பல நேரங்களில் இரண்டு ஆட்கள் வேண்டும். கடை வாடகை, தண்ணீர், உலர்த்தும் கருவிக்கான மின்சாரம், ஷாம்பு எல்லாம் செலவுதான். கடிபடும் அபாயம் வேறு. ஒரு நாளைக்கு ஓர் ஊழியர் நான்கைந்து நாய்களுக்கு மேல் நிதானமாகக் கவனிக்க முடியாது. ரொம்பக் குறைந்த கட்டணத்துக்கு ஒருவர் செய்துதருகிறார் என்றால், அந்தச் சேமிப்பு எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க வேண்டும். பெரும்பாலும் நிதானத்தைக் குறைத்து அல்லது ஊழியரின் சம்பளத்தைக் குறைத்துத்தான் வரும்.

ஆனால், நகத்துக்கு இந்த நியாயம் பொருந்தாது. பழகிய நாய்க்கு 18 நகமும் வெட்டப் பத்து நிமிடம் போதும். அப்படியிருந்தும் பல இடங்களில் நகத்தைத் தனியாகக் கேட்டால், “பேக்கேஜா எடுத்துக்குங்க சார், அதுதான் லாபம்” என்ற பதில் வருகிறது. பத்து நிமிட ஆரோக்கிய வேலையை ஆயிரம் ரூபாய் அழகு வேலையோடு கட்டிப்போட்டுவிடுகிறார்கள். பணம் இல்லாதவர் என்ன செய்வார்? “அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்று தள்ளிப்போடுவார். நாயின் நகம் அடுத்த மாதம் வரை காத்திருக்காது.

பேக்கேஜில் வரும் எல்லாமே தேவையானவையும் அல்ல. உதாரணத்துக்கு, ஆசனவாய் அருகே உள்ள சுரப்பிகளை அழுத்திச் சுத்தம் செய்வது. ஆரோக்கியமான நாய்க்கு இதை வழக்கமாகச் செய்ய வேண்டியதில்லை. பின்பக்கத்தைத் தரையில் தேய்ப்பது, ஓயாமல் நக்குவது போன்ற தொந்தரவு இருந்தால் மருத்துவர் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை அது.

வரிக் கணக்கிலும் ஒரு விநோதம் இருக்கிறது. விலங்குகள், பறவைகளின் உடல்நலம் தொடர்பாகக் கால்நடை மருத்துவமனைகள் வழங்கும் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. குரூமிங் பார்லருக்கு அந்த விலக்கு இல்லை. ஒரே நகம், ஒரே வலி. வெட்டப்படும் இடம் மட்டும் வேறு. ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறிய கடைகள் பொதுவாக ஜிஎஸ்டி பதிவே செய்ய வேண்டியதில்லை என்பதால், எல்லாக் கடைகளிலும் இந்த வித்தியாசம் தெரியாது. உங்களிடம் ஜிஎஸ்டி வசூலித்தால், பில்லில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டிலேயே வெட்ட முடியாதா?

பெரும்பாலான வீடுகளில் முடியும். பயம்தான் தடை. நாய்க்கு நம்மீது பயம். நமக்கு ரத்தம் வந்துவிடுமோ என்று பயம். இரண்டுக்கும் காரணம் உண்டு. நாயின் நகத்துக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் உள்ள சதை ஓடுகிறது. அதில் வெட்டுப்பட்டால் ரத்தம் வரும், வலிக்கும். ஒருமுறை வலித்துவிட்டால், அடுத்த முறை கிளிப்பரைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொள்ளும்.

வெள்ளை நகமாக இருந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக அந்தச் சதை தெரியும். அதற்குச் சற்று முன்னாலேயே நிறுத்திவிடலாம். கறுப்பு நகத்தில் தெரியாது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுவதுபோல் வெட்ட வேண்டும். வெட்டிய முகத்தின் நடுவில் கருமையான ஈரப் புள்ளி ஒன்று தெரியத் தொடங்கினால், சதை நெருங்கிவிட்டது என்று பொருள். அங்கே நிறுத்திவிட வேண்டும்.

நடைமுறையில் நினைவில் வைக்க வேண்டியவை:

* முதல் நாளே வெட்டாதீர்கள். சில நாட்களுக்குத் தினமும் பாதத்தைத் தொட்டு, விரல்களை மெல்லப் பிடித்து, உடனே பிடித்த தின்பண்டம் ஒன்றைக் கொடுங்கள். பிறகு கிளிப்பரைக் காட்டுங்கள். அதற்குப் பிறகுதான் வெட்டு.
* ஒரே மூச்சில் 18 நகத்தையும் முடிக்க வேண்டிய அவசியம் இல்லை. இன்று இரண்டு, நாளை இரண்டு என்று வெட்டினாலும் போதும்.
* நாய்களுக்கென விற்கும் கிளிப்பரையே வாங்குங்கள். நாம் பயன்படுத்தும் நெயில் கட்டர் தடித்த நகத்தை நசுக்கிப் பிளந்துவிடும். சில நூறு ரூபாய் கிளிப்பர் பல வருடம் உழைக்கும்.
* பூனைக்கு விரலின் மேலும் கீழும் மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும். கூரான நுனியை மட்டும் நறுக்கினால் போதும். தேங்காய் நார்க் கயிறு சுற்றிய கட்டை ஒன்றை வீட்டில் வைத்தால், பூனையும் பிறாண்டிக்கொள்ளும், சோபாவும் பிழைக்கும்.
* ரத்தம் வந்துவிட்டால் பதற வேண்டாம். ரத்தம் நிறுத்தும் பவுடர் இல்லையென்றால் சோளமாவை நகத்தின் நுனியில் வைத்துச் சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கால் மணி நேரத்துக்குப் பிறகும் நிற்கவில்லையென்றால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

நகம் மிக நீண்டுவிட்ட நாய்க்கு உள்ளே இருக்கும் சதையும் கூடவே நீண்டிருக்கும். ஒரே நாளில் குட்டையாக வெட்ட முடியாது. ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை நுனியை மட்டும் வெட்டிவந்தால் சதை மெல்லப் பின்வாங்கும். அதன்பிறகு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். டைல்ஸில் நடக்கும்போது ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டால் வெட்டும் நேரம் வந்துவிட்டது.

எப்போது வீட்டில் கூடாது?

சதைக்குள் குத்திய நகம், பிளந்த நகம், சீழ் வைத்த விரல், தொட்டாலே கடிக்க வரும் நாய் - இவை மருத்துவரின் வேலை. உண்ணிக் காய்ச்சல் வந்து தேறிவரும் நாய்க்கும் கவனம் தேவை. இந்தக் காய்ச்சலில் ரத்தத் தட்டணுக்கள் குறையக்கூடும். சின்ன வெட்டுகூட நெடுநேரம் ரத்தம் கசியவிடும். மருத்துவரிடம் கேட்டுவிட்டு வெட்டுவது நல்லது.

மிரளும் நாய்க்கு மயக்க மருந்து கொடுக்கும் முடிவும் கால்நடை மருத்துவருடையது மட்டுமே. “ஒரு மாத்திரை போட்டா அமைதியாயிடும்” என்று பார்லரில் சொன்னால், அங்கிருந்து நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பூனை பிறாண்டுகிறது என்பதற்காக நகத்தையே நிரந்தரமாக எடுத்துவிடும் அறுவை சிகிச்சையைப் பற்றிச் சிலர் விசாரிக்கிறார்கள். அதில் நகம் மட்டும் போவதில்லை. ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பும் வெட்டப்படுகிறது. நம் வசதிக்காகச் செய்யக்கூடாத கொடுமை அது.

நகம் வெட்டும்போது உங்கள் மேல் கீறலோ கடியோ பட்டால், “நம்ம வீட்டு நாய்தானே” என்று விட்டுவிடாதீர்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு மருத்துவரைப் பாருங்கள். நாய்க்குத் தடுப்பூசி போட்ட விவரத்தையும் அவரிடம் சொல்லுங்கள்.

கடைக்கு என்ன விதி?

சென்னையில் நாய் வளர்க்க மாநகராட்சி உரிமம் வேண்டும். அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும். வளர்ப்பவரிடம் பொறுப்பைக் கேட்பது சரியே. நாய் இனப்பெருக்கம், விற்பனைக்கு 2017-லும், செல்லப் பிராணி விற்கும் கடைகளுக்கு 2018-லும் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. இவை எல்லாம் பிராணியை விற்பதைப் பற்றியவை. விற்ற பிறகு பத்துப் பதினைந்து ஆண்டுகள் அதைக் கையாளும் குரூமிங் கடைகளின் பாதுகாப்பையோ, ஊழியர்களின் பயிற்சியையோ மையமாக வைத்து எழுதப்பட்டவை அல்ல.

கத்தரி, கிளிப்பர், சூடான காற்றை வீசும் கருவி, கழுத்தில் கயிறு, உயரமான மேசை - இவற்றுக்கு நடுவே பேச முடியாத ஒரு பிராணியை விட்டுவிட்டு வருகிறோம். பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்குச் சூடும் மூச்சுத்திணறலும் உயிருக்கே ஆபத்தாகலாம். மேசையில் கட்டிவிட்டு ஊழியர் நகர்ந்தால் நாய் குதித்துக் கழுத்து இறுகலாம். தவறு நடந்தால்? 1960-ம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், முதல் முறை குற்றத்துக்கு 10 முதல் 50 ரூபாய் வரைதான் அபராதம் விதிக்கிறது. ஒரு கால் நகம் வெட்டும் காசுகூட இல்லை!

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கொஞ்சம் கைகொடுக்கும். பணம் கொடுத்துப் பெறும் சேவை என்பதால், குறைபாடு இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் அழைக்கலாம். ஆனால், கையில் பில் இருக்க வேண்டும். நாயை விடும்போதும் எடுக்கும்போதும் ஒரு போட்டோ எடுத்துவைப்பது புத்திசாலித்தனம்.

ஊழியர்களையும் மறந்துவிடக்கூடாது. கடைக்குக் கடை கற்றுக்கொண்டு, கடி வாங்கி, நாள் முழுக்க ஈரத்தில் நின்று வேலை செய்யும் இளைஞர்கள் அவர்கள். வெறிநோய்க்கு எதிரான முன்தடுப்பூசி அவர்களுக்குப் போடப்பட்டிருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

என்ன செய்யலாம்?

முதலில், நகம் வெட்டுவதைப் பேக்கேஜிலிருந்து பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கடையிலும் நகத்துக்கான கட்டணம் தனியாக, எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்கப்பட வேண்டும். ஓட்டலில் இட்லிக்கு விலைப் பலகை இருப்பதுபோலத்தான்.

இரண்டாவது, கற்றுக்கொடுக்கும் இடம் வேண்டும். குட்டிக்கு முதல் தடுப்பூசி போடும் நாளில், ஐந்து நிமிடம் ஒதுக்கி நகம் வெட்டக் காட்டிக்கொடுத்தால் ஒரு குடும்பம் பதினைந்து ஆண்டுகளுக்குப் பார்லரைத் தேட வேண்டியதில்லை. அரசு கால்நடை மருத்துவமனைகளும் தனியார் கிளினிக்குகளும் இதைச் செய்யலாம்.

மூன்றாவது, தொழிலுக்கு ஒரு குறைந்தபட்சத் தகுதி வேண்டும். சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி நம்மிடம் இருக்கிறது. அதை உள்ளடக்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஆடு, கோழி வளர்ப்போருக்குப் பயிற்சி நடத்தி அனுபவம் பெற்றது. குரூமிங் ஊழியர்களுக்கும் சான்றிதழோடு கூடிய குறுகியகாலப் பயிற்சி ஒன்றைப் பரவலாக நடத்துவது அதற்குக் கடினமல்ல. தொழில் உரிமம் கொடுக்கும் உள்ளாட்சிகள் நான்கு விஷயங்களைக் கேட்டாலே போதும்: தடுப்பூசி போட்ட பிராணிகளை மட்டும் ஏற்பது, ஊழியருக்குப் பயிற்சியும் தடுப்பூசியும், உரிமையாளர் பார்க்கும்படியான வேலையிடம், அவசரத்துக்கு ஒரு மருத்துவரின் தொடர்பு.

“விதி போட்டா விலை ஏறும், சின்னக் கடைகள் மூடிடும்” என்ற அச்சம் நியாயமானது. அதனால்தான் இந்தப் பட்டியல் சிறியது. இதில் எதற்கும் பெரிய முதலீடு தேவையில்லை. நகம் வெட்டுவதை வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொண்டவர்கள் பார்லருக்கு நிதானமாக, தேவைக்கு மட்டும் போவார்கள்; அந்த வேலைக்கு உரிய கூலியைக் கொடுக்கவும் தயங்க மாட்டார்கள்.

வாங்கும் முன் ஒரு கணக்கு

கடைசியாக, இன்னும் நாய் வாங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷிட்ஸூ, பெர்ஷியன் பூனை போன்றவற்றின் ரோமத்தை வாழ்நாள் முழுக்கப் பராமரித்தாக வேண்டும். மாதம் ஒருமுறை 1,500 ரூபாய் குரூமிங் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 18,000. பன்னிரண்டு ஆண்டுக்கு 2.16 லட்சம். குட்டியின் விலையைப் பேரம் பேசுகிற நாம் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. கட்டுப்படியாகாத நாளில் தெருவில் விடப்படுவது அந்தப் பிராணிதான். சிக்குப் பிடித்த ரோமமும் வளைந்த நகமுமாக அது அங்கே பிழைக்க முடியாது. குட்டை ரோமமுள்ள நம் நாட்டு இனங்களுக்கும் காப்பகங்களில் காத்திருக்கும் நாய்களுக்கும் இந்தச் செலவு மிகக் குறைவு. ஒரு கிளிப்பர், ஒரு சீப்பு, வாரத்தில் அரை மணி நேரம் போதும்.

இப்போது உங்கள் காலடியில் ஒரு நாயோ பூனையோ படுத்திருந்தால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அதன் பாதத்தை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். கட்டைவிரல் நகத்தையும் மறக்காமல் பாருங்கள்.